முதியோர் இல்லத்தில் முதல் இலையுதிர்காலம்: கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் யூன் மாதம் ரொறன்ரோவுக்கு வந்தீர்கள். ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில், அங்கே இருப்பவர்களுக்குப் பொழுதுபோக்கு நடத்தும் பிரிவில் பகுதிநேர வேலை கிடைத்திருக்கிறது. இலையுதிர்காலம் பற்றிச் சுவையான தகவல்களைத் திரட்டி ஒரு மணித்தியாலம் நடத்தும்படி சுப்பவைசர் சொல்லிவிட்டார். இலை நிறம் மாறுவதையே நீங்கள் இன்னும் பார்த்ததில்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே எந்த ஜக்கெற் வாங்குவது, கார் எடுப்பதா, பேஸ்மென்ற் வாடகை நியாயமா என்றும் கேள்விகள். அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல இந்த ஊரில் ஆளுக்குக் குறைவில்லை, ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். முதல் கேள்வியை மட்டும் என்னிடம் விடுங்கள். அந்த வேலையில்தான் என் காலம் போனது.

முதலில் ஒன்று. இணையத்தில் தேடினால் வந்து விழுவதில் முக்கால்வாசி அமெரிக்கர் எழுதியது. அதை அச்சடித்துக்கொண்டு போய் வாசிக்காதீர்கள். அறுவடைக்கு நன்றி சொல்லும் தாங்ஸ்கிவிங் பண்டிகை நவம்பர் நாலாவது வியாழன் என்று அதில் இருக்கும். இங்கே அது ஒக்ரோபர் இரண்டாவது திங்கள். 1957இல் பாராளுமன்றம் அப்படி நிலையாக வைத்தது. இங்கே அறுவடை முந்தி முடிகிறது, குளிரும் முந்தி வருகிறது. எண்பத்தைந்து வயதுக் கனடியரிடம் போய் நவம்பரில் தாங்ஸ்கிவிங் வான்கோழி என்று சொன்னீர்களோ, மிச்ச நேரம் முழுக்க உங்களைத் திருத்திக்கொண்டே இருப்பார். அதுவும் ஒரு பொழுதுபோக்குத்தான், ஆனால் சுப்பவைசர் கேட்டது அதுவல்ல.

அடுத்தது, அவர்களைச் சின்னப்பிள்ளைகளாக்காதீர்கள். நீங்கள் வேலை செய்வது முழுநேரமும் தாதிப் பராமரிப்புத் தேவைப்படுகிறவர்களுக்கான நேர்சிங் ஹோம் அல்ல. ஒன்ராறியோவில் இரண்டுக்கும் சட்டமே வேறு. உங்கள் இடம் போன்றவற்றுக்கு 2010ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. அங்கே இருப்பவர்கள் தங்கள் காசில் மாதம் பல ஆயிரம் டொலர் கட்டி வாடகைக்கு இருப்பவர்கள். ஆசிரியராக, தாதியாக, கமக்காரராக, வங்கி முகாமையாளராக இருந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் கடதாசியில் மேப்பிள் இலையை வரைந்து வைத்து, நிறம் தீட்டுங்கள் என்று குழந்தைக் குரலில் சொல்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நிறம் தீட்ட விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், கேட்டுவிட்டுக் கொடுங்கள். அதேபோல 'வாழ்வின் இலையுதிர்காலம்' என்று கவிதையாக எதையும் ஆரம்பிக்காதீர்கள். அது இளசுகளுக்குத்தான் இனிக்கும். எண்பது வயதில் கேட்பவருக்கு இலை விழுந்த பிறகு என்ன என்பது தெரியும்.

தகவல் பத்தும் வேண்டாம், இருபதும் வேண்டாம். நாலைந்து போதும். வாயைத் திறக்க வைக்கத்தான் அவை. அவர்கள் பேசத் தொடங்கியதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட வேண்டும். உதாரணத்துக்கு இலை. மஞ்சளும் செம்மஞ்சளும் கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருக்கின்றன. பகல் குறுகக் குறுக மரம் பச்சையத்தை உடைத்துக் கலைத்துவிட, மறைந்திருந்தது வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல. இலைக்குள் தங்கிய சீனியிலிருந்து அந்த நேரத்தில்தான் புதிதாக உண்டாகிறது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர் என்று நாலு நாள் அமைந்தால் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும், மப்பும் மழையுமாக இருந்தால் மங்கும். இதைச் சொல்லிவிட்டு "இந்த வருடம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஊர்ப் பெயர் சொல்வார்கள். ஒருவர் அல்கொன்குவின் பூங்கா என்பார், அங்கே செப்ரெம்பர் கடைசியிலேயே உச்சம் வந்துவிடும். இன்னொருவர் தன் பாட்டனின் காணியில் நின்ற ஒரே மரத்தைச் சொல்வார். எங்கள் இல்லத்தில் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை ஒருவர் இருந்தார். இலைக்காம்பு மரத்தோடு சேரும் இடத்தில் மெல்லிய தக்கைபோல ஒரு படை உருவாகி, மரம் தானே வாசலைப் பூட்டிக்கொள்வதால்தான் இலை விழுகிறது, காற்று வெறும் சாட்டு என்று ஒரு காம்பை என் மூக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். நான் ஊரில் படித்த தாவரவியலுக்கு அன்றைக்குத்தான் உயிர் வந்தது.

வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். மகின்ரோஷ் அப்பிள் ஒரு பை வாங்குங்கள். கிழக்கு ஒன்ராறியோவில் டன்டெலா என்ற சிற்றூரில், 1811இல் ஜோன் மகின்ரோஷ் என்பவர் காடு வெட்டித் துப்புரவாக்கும்போது தானாக முளைத்து நின்ற கன்றுகளில் ஒன்றிலிருந்து வந்த இனம் அது. உலகத்தில் எங்கே மகின்ரோஷ் காய்த்தாலும் அந்த ஒரு மரத்தின் ஒட்டுத்தான். கணினிக்குப் பெயர் வந்ததும் அதிலிருந்தே. அப்பிளில் கால்வாசி காற்று, அதனால்தான் தண்ணீரில் மிதக்கிறது. ஆனால் இதையெல்லாம் நீங்கள் சொல்லி முடிக்க விடமாட்டார்கள். நான் கொண்டுபோன நாளில், கமக்காரராக இருந்த ஒரு ஐயா தன் சட்டைப்பையிலிருந்து தேய்ந்துபோன சின்னக் கத்தியை எடுத்தார். தேநீர்க் கோப்பை பிடிக்கும்போது நடுங்குகிற கை. அப்பிளைச் சுற்றி உரிக்க ஆரம்பித்ததும் நடுக்கம் எங்கே போனதோ தெரியாது. தோல் அறாமல் ஒரே நாடாவாக அவர் முழங்கால் வரை தொங்கியது. மேசையில் ஒருவரும் பேசவில்லை. உரித்து முடித்து, "என் மனைவி இதைவிட மெல்லியதாக உரிப்பாள்" என்று சொல்லிவிட்டுத் துண்டுகளைப் பகிர்ந்தார். (கத்தி விஷயத்தில் உங்கள் இல்லத்து விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்கு விழுங்குவது சிரமம் என்பதையும் தாதியிடம் கேட்காமல் அப்பிள் துண்டு கொடுக்காதீர்கள். இதில் விளையாட்டே இல்லை.)

ஸ்காபரோவில் இருக்கிறீர்கள் என்பதால் மொனார்க் வண்ணத்துப்பூச்சியை விடவே கூடாது. செப்ரெம்பரில் அவை ஒன்ராறியோவிலிருந்து மெக்சிக்கோவுக்குப் பறக்கின்றன, நாலாயிரம் கிலோமீற்றர் அளவு. கோடையில் பிறப்பது சில வாரம்தான் உயிரோடு இருக்கும். இலையுதிர்காலத்தில் புறப்படுகிற தலைமுறை எட்டு மாதம் வரை வாழும். போகும் இடத்தை அதில் ஒன்றுகூட முன்பு பார்த்ததில்லை. எங்கே போகின்றன என்று வாழ்நாள் முழுக்கத் தேடியவர் பிரெட் உர்குவார்ட். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் விலங்கியல் பேராசிரியர். அவரும் மனைவி நோராவும் இறக்கையில் குட்டிக் கடதாசிச் சீட்டு ஒட்டி அனுப்பி, ஆயிரக்கணக்கான தொண்டர்களைச் சேர்த்துத் தேடினார்கள். 1975 ஜனவரியில்தான் மெக்சிக்கோ மலைக்காட்டில் இடம் அகப்பட்டது. அந்த மலையடிவாரத்து மக்களுக்கு அது காலங்காலமாகத் தெரிந்த சங்கதி, அவர்களை ஒருவரும் கேட்கவில்லை என்பது வேறு கதை. இப்படிச் சீட்டு ஒட்டிய ஆள் ஒருவராவது உங்கள் இல்லத்தில் இருக்கக்கூடும், விசாரியுங்கள். நடக்க முடிந்தவர்களை ஸ்காபரோவில் ஓடும் ஹைலன்ட் கிறீக் என்ற சிற்றாற்றுக்குக் கூட்டிப்போக வாகனம் கிடைத்தால், அதே பருவத்தில் சல்மன் மீன் எதிர்நீச்சல் போட்டு ஏறுவதையும் காட்டலாம். அந்தச் சினூக் சல்மனும் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டதுதான். நம்மைப் போல வந்தேறி.

இனி ஒரு கவனம். 1954 ஒக்ரோபர் 15ஆம் திகதி இரவு ஹேசல் சூறாவளி ரொறன்ரோவை அடித்தது. ஒன்ராறியோவில் 81 பேர் இறந்தார்கள். அதில் 35 பேர் ஹம்பர் ஆற்றோரம் ரேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில். இன்று இந்த நகரத்தில் ஆற்றுப் பள்ளத்தாக்கெல்லாம் வீடில்லாமல் பூங்காவாகக் கிடப்பதற்கு அந்த இரவுதான் காரணம். 'ஒக்ரோபரில் நடந்தவை' என்ற பட்டியலில் இதைச் சிரித்த முகத்தோடு வாசித்துவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். அப்போது பத்து வயதாக இருந்தவர் இன்று உங்கள் முன்னால் இருப்பார். ஒரு அம்மா அந்த இரவில் தகப்பன் தன்னைத் தோளில் வைத்துத் தண்ணீரைக் கடந்ததைச் சொல்லத் தொடங்கினால், கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்து கேளுங்கள். போரில் இறந்த படைவீரரை நினைவுகூரும் நவம்பர் 11உம் அப்படித்தான். பொப்பி மலரை இடப்பக்கம், நெஞ்சுக்கு மேலே குத்துங்கள். பதினொரு மணிக்கு இரண்டு நிமிட மௌனம். அன்றைக்கு முற்பகலில் பிங்கோ வைக்காதீர்கள்.

வசந்தத்தில் முன்னே தள்ளிய மணிக்கூட்டை நவம்பர் முதல் ஞாயிறு ஒரு மணித்தியாலம் பின்னே தள்ளுவார்கள். (இந்தக் கூத்தை உலகத்திலேயே முதலில் செய்தது ஒன்ராறியோவின் போர்ட் ஆர்தர் நகரம், 1908இல். இப்போது அது தண்டர் பே. இதைச் சொன்னால் கைதட்டு நிச்சயம்.) திடீரென்று மாலை ஐந்து மணிக்கே இருட்டு. மறதி நோய் தொடங்கியவர்கள் அந்த வாரம் தவித்துப்போவார்கள். வீட்டுக்குப் போகவேண்டும், பிள்ளைகள் பள்ளியால் வந்துவிடுவார்கள் என்று கதவடியில் வந்து நிற்பார்கள். இருட்டுமுன்பே எல்லா விளக்கையும் போடுங்கள். பாட்டு, துவாய் மடிப்பது என்று கைக்கு வேலையாக ஏதாவது மாலை நாலு மணிக்கு வையுங்கள். ஒக்ரோபர் 31, பேய் வேடம் போடுகிற ஹலோவீனுக்கு முகமூடி போட்டவர்களை அவர்கள் அறைப்பக்கம் விடவே வேண்டாம். பூசணிக்காயை வெட்டி விளக்கு வைக்கிறது அயர்லாந்தில் முள்ளங்கி போன்ற ஒரு கிழங்கில் தொடங்கிய வழக்கம், இங்கே வந்து பூசணிக்கு மாறியது. அத்தனை பூசணியும் பிறகு குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும். வெட்டுகிற பூசணி நீர்த்தன்மை, கறிக்கு ஆகாது என்று சமையலறையில் சொல்வார்கள். விதையையாவது வறுத்துத் தின்னலாமே. வாசலில் நனைந்த இலை கிடந்தால் உடனே கூட்டச் சொல்லுங்கள். ஒரு வழுக்கல், ஒரு இடுப்பெலும்பு முறிவு, அவ்வளவுதான்.

பேச்சு வராத ஆண்களுக்கு விளையாட்டு. 1972 செப்ரெம்பர் 28, மொஸ்கோவில் சோவியத் அணிக்கெதிரான கடைசி ஹொக்கி ஆட்டம், முடிய 34 விநாடி இருக்கும்போது போல் ஹென்டர்சன் கனடாவுக்காக அடித்த வெற்றிக் கோல். அன்றைக்கு எங்கே இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். நான் வந்திறங்கியது 1993 நவம்பரில். அதற்கு முதல் மாதம்தான் ஜோ கார்ட்டர் கடைசிச் சுற்றில் பந்தை மைதானச் சுவருக்கு வெளியே அடித்து ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான புளூ ஜேஸுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஊரெல்லாம் அதே பேச்சு. எனக்கு வேலை ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் கோப்பை கழுவுவது. இருந்தது பேஸ்மென்றில், வீட்டுக்காரர் நம்மவர்தான், ஆனால் வெப்பத்தைக் கூட்டும் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார். வேலை எடுத்துக் கொடுத்த ஏஜென்சிக்காரர் என் சம்பளத்தில் ஒவ்வொரு கிழமையும் கையில் காசாகக் கழித்துக்கொண்டார். இப்போது அப்படி எடுப்பது ஒன்ராறியோவில் சட்டவிரோதம், யாராவது கேட்டால் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கிழவர் நான் தட்டு எடுக்க வரும்போதெல்லாம் கார்ட்டர் கதையை முதலிலிருந்து சொல்வார். என்னுடைய முதல் ஆங்கில வசனங்கள் எல்லாம் பேஸ்போல் வசனங்கள். பஸ்ஸைத் தவறவிட்டதற்குக்கூட நான் அப்போது "ஸ்ட்ரைக் மூன்று" என்றுதான் சொல்வேன், மூன்றாவது தவறியதும் ஆட்டக்காரர் வெளியே போகவேண்டும் என்பது அதன் கருத்து.

அந்த வேலையா, என்று உங்கள் காதுபடக் கேட்கப் போகிறவர்கள் நிறைய. வெள்ளைக்காரர் தாய்தகப்பனைக் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள் என்றும் சொல்வார்கள். அதே ஆட்கள் ஊரிலிருந்து அம்மாவை அழைத்து, பேரப்பிள்ளைகளைப் பார்க்க விட்டு, மாரி முழுக்க நாலு சுவருக்குள் வைத்திருப்பார்கள். வார இறுதியில் சிவப்பு மரத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்துப் போடுவதோடு சரி. என்னிடம் இந்தக் கதை எடுபடாது. எங்கள் இல்லத்திலேயே இப்போது தமிழ் அம்மாமார் இருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அவர்களால்தான் எங்கள் இலையுதிர்கால நிகழ்ச்சி நிரலில் நவராத்திரியும் ஏறியது. சுப்பவைசரிடம் கேட்டு நீங்களும் ஒரு மாலை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பத்துக்குப் பக்கத்தில் அப்பிளையும் மேப்பிள் இலையையும் வைத்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கடலையை வழக்கத்தைவிட நன்றாக அவிய விடுங்கள், செத்தல் மிளகாயைக் குறையுங்கள். தேங்காய்ப்பூ காணாது என்று அம்மாமார் சொல்வார்கள், எவ்வளவு போட்டாலும் சொல்வார்கள்.