மைனஸ் 18 டிகிரியில் ஒரு பிரியாணிப் பந்தயம்

கேள்வி: துபாயிலிருந்து சென்னைக்கு வரும்போது, வெளியே மைனஸ் 18 டிகிரி என்று முன் சீட்டுத் திரையில் காட்டியது. விமானம் அப்போது வெள்ளை மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. "இது முழுக்க ஐஸ்" என்றேன் நான். "தண்ணீர்தான் அக்கா" என்று பிரியாணிக்குப் பந்தயம் கட்டினான் தம்பி. யார் ஜெயித்தது?
- ஒரு வாசகி, தேனி

பதில்: தம்பிக்கு முக்கால் பிளேட் வாங்கிக் கொடுத்துவிடுங்கள் அம்மா. அந்தக் குளிரில் மேகத்தில் இரண்டும் கலந்து இருக்கலாம். ஆனால் தலையை எண்ணினால் பெரும்பாலும் தண்ணீர்த் துளிதான் ஜாஸ்தி.

"நீர் 0 டிகிரியில் உறையும்" என்று கரும்பலகையில் வருஷாவருஷம் எழுதிப்போட்ட வாத்தியார் நான். அது பாதிதான் உண்மை. 0 டிகிரியில் ஐஸ் உருகும், அதில் சந்தேகமில்லை. தண்ணீர் உறைந்தே தீரும் என்று சொல்ல முடியாது. உறைய வேண்டுமென்றால் மூலக்கூறுகள் வரிசை கட்டி நிற்கவேண்டும். முதல் வரிசையைப் போடத்தான் ஆளில்லை. மேகத்துளியின் குறுக்களவு 10, 20 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). அதில் ஏற்ற தூசி எதுவும் சிக்கவில்லை என்றால் கிட்டத்தட்ட மைனஸ் 38 வரை அது தண்ணீராகவே மிதக்கும். பிள்ளையார் சுழி போட ஒரு துகள் வேண்டும்: களிமண் தூசி, பாலைவனப் புழுதி, செடியின் இலைகளில் வாழும் சில வகை பாக்டீரியா. கண்ட தூசியும் இதற்கு ஆகாது. மைனஸ் 20 டிகிரியில் ஒரு லிட்டர் காற்றைத் துழாவினால் வேலைக்கு ஆகிற துகள் ஏறக்குறைய ஒன்று தேறும். அதே ஒரு லிட்டரில் மேகத்துளிகள் லட்சக்கணக்கில் இருக்கும்.

நம்பிக்கை வராவிட்டால் வீட்டிலேயே பார்க்கலாம். போன மாதம் மூன்று கேன் தண்ணீர் பாட்டில்களை ஃப்ரீசரில் படுக்கவைத்தேன். இரண்டே கால் மணி நேரம் கழித்துத் திறந்தால் இரண்டு கட்டியாகிவிட்டன. மூன்றாவது பளிங்குபோல் தண்ணீராக இருந்தது. மெதுவாக எடுத்துச் சமையல் மேடையில் ஒரு தட்டுத் தட்டினேன். கழுத்திலிருந்து வெள்ளை நூல் நூலாக இறங்கி, நாலைந்து விநாடியில் பாட்டில் முழுக்கப் பரவிவிட்டது. ஆனால் கட்டியாகவில்லை, கூழ்தான். உறையும்போது வெளிவரும் வெப்பமே மிச்சத்தை உறையவிடாமல் தடுத்துவிடுகிறது. "சாயங்காலம் வர்றவங்களுக்கு ஐஸ் வாட்டர் வேணும், உங்க ஆராய்ச்சியை வெளியில வச்சுக்குங்க" என்றாள் மனைவி. ஆராய்ச்சி அத்துடன் நின்றது.

நீங்கள் வந்த விமானத்துக்கும் இதில் பங்குண்டு. இப்படி உறையாமல் தவிக்கும் துளிகள் இறக்கையில் மோதிய மாத்திரத்தில் ஐஸாக ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே பெரிய விமானங்களில் இறக்கையின் முன்விளிம்பைச் சூடாக்க ஏற்பாடு வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மேகத்தில் பனிக்கட்டி இருந்தால்தான் மழை வரும் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். சரியா ஐயா?
- வாசகர், ஓசூர்

பதில்: "இருந்தால்தான்" என்பது தப்பு. வெப்பக் கடல்களின் மேலே துளியோடு துளி மோதிச் சேர்ந்தே மழை பெய்கிறது. ஆனால் ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேரவேண்டுமே! அதற்கு ஐஸ் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது.

அதைப் பிடித்தவர் தூர் பெர்கெரான் என்ற சுவீடன்காரர். 1922-ல் ஆஸ்லோவை ஒட்டிய ஒரு மலையில் தங்கியிருந்தார். ஊசியிலை மரங்களுக்கு நடுவே நடைபாதை. 0 டிகிரிக்கு மேல் இருக்கும் நாட்களில் மூடுபனி பாதை வரை இறங்கி வந்தது. மைனஸ் 5, 10 என்று குளிர்ந்த நாட்களில் மரங்களுக்கு இடையே பாதை தெளிவாக இருந்தது. மரங்களில் உறைபனி பூத்திருந்தது. துளிகளின் ஈரத்தை அந்த உறைபனி உறிஞ்சிக்கொண்டது என்று ஊகித்தார். கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன வேகனர் 1911-லேயே இதன் அடிப்படையைத் தொட்டிருந்தார். 1938-ல் ஃபிண்டைசன் என்ற ஜெர்மன் வானிலை ஆய்வாளர் விரித்து எழுதினார். அதனால் மூன்று பேர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள்.

வீட்டுக் கணக்கு மாதிரி பாருங்கள். துளியின் மேல் வந்து சேரும் நீராவி வரவு, துளியை விட்டு ஓடுவது செலவு. மேகத்துக்குள் துளிக்கு வரவும் செலவும் சரியாகப் போகிறது. பக்கத்திலேயே ஒரு பனிப்படிகம். அதற்கும் அதே வரவு. ஆனால் ஐஸில் மூலக்கூறுகள் இறுகப் பிடித்துக்கொண்டிருப்பதால் செலவு குறைவு. மைனஸ் 10 டிகிரியில் சுமார் பத்து சதவீதம் குறைவு. மிச்சமெல்லாம் அதன் உடம்பில் சேர்கிறது. அது இழுக்க இழுக்க, சுற்றியிருக்கும் காற்று வறள்கிறது. துளிகள் ஆவியாகி இளைக்கின்றன. லட்சம் துளிக்கு ஒரு படிகம் என்பது இதனால்தான் அதற்கு வசதி: பங்காளிகள் இல்லை. கனத்ததும் விழத்தொடங்கும், வழியில் துளிகளை மோதி ஒட்டவைத்துக்கொள்ளும். நம்மூரில் தரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் உருகிவிடும். சித்திரை மாதத்து இடிமழையில் உங்கள் நெற்றியில் சொட்டென்று விழும் பெருந்துளி, மேலே ஐஸாக இருந்ததாகவும் இருக்கலாம்.

கேள்வி: பனிப்படிகத்தை மனிதர்கள் செய்ய முடியுமா?
- ஒன்பதாம் வகுப்பு மாணவி, நாமக்கல்

பதில்: செய்தாகிவிட்டது கண்ணு, 1936-லேயே. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிசிரோ நகாயா செய்தார். அந்தரத்தில் வளர்வதைப் பிடித்துவைக்க ஏதாவது வேண்டுமே? நூலில் கட்டினால் படிகத்துக்குப் பதில் உறைபனி கம்பளிப்பூச்சி மாதிரி அப்பிக்கொண்டது. கடைசியில் முயல் முடி கைகொடுத்தது. மைனஸ் 5-ஐ ஒட்டி ஊசி, மைனஸ் 15-ஐ ஒட்டிக் கிளைவிட்ட நட்சத்திரம் என்று, குளிரை மாற்றினால் உருவமும் மாறுவதைக் கண்டுபிடித்தார். ஆறு பக்கம் மட்டும் மாறவில்லை. ஐஸில் மூலக்கூறுகள் கைகோத்து நிற்பதே அறுகோணமாகத்தான்.

கேள்வி: நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் விழுந்தால் "அகல் வட்டம் பகல் மழை" என்பார் என் அப்பத்தா. உண்மையா?
- வாசகர், புதுக்கோட்டை

பதில்: அப்பத்தா பார்த்தது ஐஸ். மேலே மெல்லிய துணிபோல் படர்ந்த மேகத்தில் அறுகோணப் படிகங்கள் ஒளியை வளைக்கின்றன. அந்த வளையம் எப்போதும் நிலாவிலிருந்து 22 டிகிரி தள்ளித்தான் விழும். கையை நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாமேல் வையுங்கள். சுண்டுவிரல் ஏறக்குறைய வளையத்தைத் தொடும். நிலாவை ஒட்டினாற்போல் தெரியும் சின்ன வளையம் பெரும்பாலும் தண்ணீர்த் துளிகளின் வேலை. "அகல்" என்று பிரித்துச் சொன்ன பெரியவர்களின் கண்ணை நான் மெச்சுகிறேன். இந்த மேகம் சில சமயம் பெருமழைக்கு முன்னால் வரும், சில சமயம் சும்மா வந்து போகும். அதனால் வட்டத்தை மட்டும் நம்பி மிளகாயை மாடியிலிருந்து அள்ளிவிட வேண்டாம். பகலில் சூரியனைச் சுற்றியும் இதே வளையம் விழும். அதைப் பார்க்கும்போது சூரியனை ஒரு மரக்கிளைக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள்.