பிளான் மட்டும் போதுமா? கடலோர வாசகர்கள் கேள்விகளும் பதில்களும்

இந்த முறையும் பாதிக் கடிதங்களில் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. சர்வே எண், கடலிலிருந்து எவ்வளவு தூரம், போர்த் தண்ணீர் எப்படி என்று எதுவும் இல்லை. இவை இல்லாமல் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. அடுத்த முறையாவது எழுதுங்கள்.

போர்த் தண்ணீர் லேசாகத்தான் உவர்ப்பு. கான்கிரீட் போடலாமா? (மண்டபம்)

நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. லேபில் கொடுத்து குளோரைடு அளவைப் பாருங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் உச்சம். தாண்டினால் லாரித் தண்ணீர்தான், அதையும் சோதித்துவிட்டு வாங்குங்கள். கலவைக்கு நல்ல தண்ணீர், போட்ட பிறகு நனைத்து வைக்கிற கியூரிங்குக்கு போர்த் தண்ணீர் என்று மேஸ்திரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ராமேஸ்வரத்தில் கடலுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. லாட்ஜ் கட்ட எத்தனை மீட்டர் விட வேண்டும்? (ராமேஸ்வரம்)

"பக்கத்தில்" என்றால் எங்கே? சர்வே எண் இல்லை, நகராட்சி எல்லைக்குள்ளா வெளியேயா என்றும் இல்லை. பொதுவாகச் சொல்கிறேன்: கடல் முகப்பில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால் சி.ஆர்.இசட். என்கிற கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். அந்தக் கோடு இன்றைக்கு அலை நிற்கிற இடம் இல்லை, கடலோர மண்டல வரைபடத்தில் குறித்திருக்கிற கோடு. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகரப் பகுதி என்றால், இருக்கிற சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாக மட்டும் கட்டலாம். பட்டா, எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபட நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

துபாயில் இருக்கிறேன். ஊரில் 1,800 சதுர அடியில் வீடு. மேஸ்திரி நம்ம ஆள்தான். பிளான் மட்டும் போதும், எவ்வளவு ஆகும்? (கீழக்கரை)

இதே கேள்வியை பெரியபட்டினத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் கேட்டிருக்கிறார்கள். மூன்று பேருக்கும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக.

பிளான் மட்டும் என்று ஒன்று கிடையாது. நீங்கள் கேட்பது அனுமதிக்குக் கொடுக்கிற ஒரு தாள். அறை எங்கே, படி எங்கே, வாசல் கிழக்கா வடக்கா என்பது அதில் இருக்கும். உங்கள் வீடு இருபது வருஷம் நிற்குமா அறுபது வருஷம் நிற்குமா என்பதை முடிவு செய்கிற எதுவும் அந்தத் தாளில் இருக்காது. அது தூண், பீம், கம்பி விவரம் சொல்கிற ஸ்ட்ரக்சுரல் வரைபடத்திலும், கம்பி கட்டி முடித்த அன்று சைட்டில் யார் நின்று பார்த்தார்கள் என்பதிலும்தான் இருக்கிறது.

நம் கடற்கரையில் தளம் போடுகிற காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். கம்பிக்கும் கீழே தாங்குகிற சென்ட்ரிங் தகட்டுக்கும் நடுவே, இடைவெளி விடுகிற கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த டைல்ஸ் துண்டு சொருகியிருக்கும். ஆட்கள் ஏறி நடந்ததில் அதுவும் நழுவிப் போய், பல இடத்தில் கம்பி தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரத்துக்குச் சொல்வது எம்30 தரக் கான்கிரீட், 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடுகிற கான்கிரீட் கனம். கடல் நீர் தெறிக்கிற இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். நடப்பதோ மூட்டைக் கணக்குக் கலவை, ஒரு விரல் கனம்கூட இல்லாத கவர். உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டதும் துரு ஏறும், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். முதலில் சன்ஷேடு அடியில் பழுப்புக் கோடு, அப்புறம் தொழுகை அறைக் கூரையிலிருந்து கான்கிரீட் பாளம் பாளமாக விழும். வெளிநாட்டில் வெயிலில் நின்று சேர்த்த பணம் அப்படி விழுவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

இன்னொன்று, பிற்பாடு மாடி எடுக்கலாம் என்று தூண் கம்பியை மொட்டையாக நீட்டி விட்டுவிடுகிறீர்கள். உப்புக் காற்றில் நாலைந்து வருஷத்தில் அது செதில் செதிலாக உரியும், துரு அப்படியே தூணுக்குள்ளும் இறங்கும். நீட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சிமென்ட் பால் அடித்து, மெலிந்த கலவை கான்கிரீட்டால் மூடி வையுங்கள்.

ஆக, ஆர்க்கிடெக்டிடம் கட்டணம் பேசும்போது பிளானுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். அஸ்திவாரம், தூண், பீம், ஒவ்வொரு தளம் என்று எத்தனை முறை சைட்டுக்கு வருவீர்கள் என்று கேட்டு, எழுதி வாங்குங்கள். மேஸ்திரி நல்லவராக இருக்கலாம். வேலை செய்கிறவரே வேலையைச் சரிபார்க்கவும் முடியாது.

இரண்டரை ஆயிரம் சதுர அடி மனைக்கு சுயசான்று வந்துவிட்டதே, இனி ஆர்க்கிடெக்ட் எதற்கு? (பரமக்குடி)

2024 முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீட்டுக்கு உடனடி அனுமதி கிடைக்கிறது, உண்மைதான். அதில் எல்லாம் விதிப்படிதான் என்று சான்று கொடுப்பது நீங்கள். வீட்டுக்குப் பக்கவாட்டில் விட வேண்டிய இடைவெளி தப்பினால் பொறுப்பும் உங்களுடையது. மற்றபடி மேலே துபாய்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

எங்கள் ஊர் சிவில் இன்ஜினீயர் போர்டில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டிருக்கிறார். சரியா? (தேவிபட்டினம்)

தப்பு. அவர் வீட்டுக்கு பிளான் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை, உச்ச நீதிமன்றமும் 2020-ல் அப்படித்தான் சொன்னது. ஆனால் 1972 சட்டப்படி கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர் மட்டும்தான் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள்.

மகள் அழகாக வரைவாள். பி.ஆர்க். சேர்க்கலாமா? (உச்சிப்புளி)

வரைவது மட்டும் போதாது, பிளஸ் டூவில் கணக்கு வேண்டும், நாட்டா போன்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ஐந்து வருஷப் படிப்பு. முடித்ததும் கிடைக்கிற சம்பளம் பிளஸ் டூவில் கூடப் படித்து வேறு படிப்புக்குப் போன பிள்ளைகளைவிடக் குறைவாக இருக்கலாம், அதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். வெயிலில் சைட்டில் நிற்கவும், கம்பி கட்டுகிறவரிடம் தயங்காமல் கேள்வி கேட்கவும் பிடிக்குமா என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். பிடிக்கும் என்றால் தாராளமாகச் சேருங்கள், நம் கடற்கரைக்கு அப்படிப்பட்ட ஆட்கள் ரொம்பவே தேவை.

புதிதாக ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் போட்டிருக்கிறேன். அப்ரூவல் வந்ததும் பாக்கி தராமல் இழுக்கிறார்கள். (ராமநாதபுரம்)

தம்பி, ஒப்பந்தக் கடிதம் இல்லாமல் கோடு போடாதீர்கள். கட்டணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துப் பணமும் வந்த பிறகே அடுத்த வரைபடத்தைக் கையில் கொடுங்கள். சொந்தக்காரர் என்றாலும் இதேதான். சைட் வருகைக்குத் தனித் தொகை எழுதுங்கள், இலவசமாகப் போய்ப் பழக்காதீர்கள்.

தாத்தா காலத்துப் பவளக்கல் வீடு. சுவர் பொரிந்து உதிர்கிறது. சிமென்ட் பூசலாமா? (கீழக்கரை)

கூடாது. அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டபடி இருக்க வேண்டும். சிமென்ட் அதை அடைத்துவிடும், உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து கல்லையே அரிக்கும். பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்புக் கலவையில் பூசுங்கள், மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பே அடியுங்கள். மாற்றுக்குப் புதுப் பவளக்கல் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள், பவளப் பாறைகள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. இடித்த பழைய வீட்டின் கல் கிடைத்தால் பாருங்கள்.

கடற்கரை வீட்டு ஜன்னலுக்கு எது நல்லது? (தொண்டி)

யு.பி.வி.சி. என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல். அதன் திருகும் கீலும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகக் கேட்டு வாங்குங்கள்.