சூப்பர்ஹீரோ தொடர்களில் சில வில்லன்கள் மேல் நமக்கு ஏன் இரக்கம் வருகிறது?

நோக்கத்தில் கொஞ்சம் நியாயமும் வழியில் கொடூரமும் கலந்த பாத்திரத்தையே சிக்கலான வில்லன் என்கிறோம்.

ஒருவரை எந்த வரிசையில் தெரிந்துகொள்கிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். 2015இல் வெளியான 'டேர்டெவில்' என்ற சூப்பர்ஹீரோ தொடரின் முதல் சீசனில் வில்லனான வில்சன் ஃபிஸ்க் மூன்றாவது எபிசோடின் கடைசியில்தான் முகம் காட்டுகிறார், அதுவும் ஒரு வெள்ளை ஓவியத்தின் முன்னால். அடுத்த எபிசோடிலேயே கார் கதவால் ஒருவன் தலையை நசுக்குகிறார். எட்டாவதில், அம்மாவை அடிக்கும் அப்பாவைச் சுத்தியலால் அடித்துக் கொன்ற சிறுவனாகத் தெரிகிறார். அந்தக் காட்சி முதலிலேயே வந்திருந்தால் வெறும் சாக்காகப் போயிருக்கும். கொடூரத்தைப் பார்த்த பிறகு வருவதால் உலுக்குகிறது. இப்படி நிதானமாக அவிழ்க்க 13 எபிசோடுகள் இடம் தருகின்றன.

வில்லனின் கொடூரத்தை மட்டும் பார்ப்பதற்கும் அதன் பின்னால் இருக்கும் கதையையும் தெரிந்துகொள்வதற்கும் உள்ள வித்தியாசம், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்பதற்கும், உள்ளே உட்கார்ந்து கேட்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

பல தொடர்கள் சறுக்குவது முடிவில்தான். வில்லன் எழுப்பிய நியாயமான கேள்விக்குப் பதில் இல்லாததால், திடீரென்று அவரை அப்பாவிகளைக் கொல்ல வைத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள்.

இரக்கப்படும் ரசிகர் வில்லனை ஆதரிக்கிறார் என்று நினைப்பது தவறு; ஃபிஸ்கின் சிறுவயதுக்காகக் கலங்குபவரே அவர் கைதாக வேண்டும் என்றும் காத்திருக்கிறார்.