ரிவர்ஸ் ஆக்‌ஷனில் ஜாப் ஆர்டர் எடுப்பது: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: சார், கோவையில் 2 சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் ஓட்டும் கடைசல் மெஷின்) வைத்திருக்கிறேன். ஒரு பம்ப் கம்பெனி ஷாஃப்ட் டர்னிங்கை ரிவர்ஸ் ஆக்‌ஷனில் விடுகிறது, அதாவது விலையைக் குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் நிற்பவருக்கு வேலை. எதுவரை இறங்கலாம்?

பதில்: அதை முந்தின நாளே கணக்குப் போட்டுத் தாளில் எழுதிவிடுங்கள், ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தபின் புத்தி வேலை செய்யாது. மெஷின் ஹவர் ரேட் 400 ரூபாய், ஒரு பீஸ் முடிய ஆகும் சைக்கிள் டைம் 6 நிமிடம் என்று வைத்தால் பீஸுக்கு 40. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் ஓட்டும் பீஸ்கள்) முன்னால் மெஷினைத் தயார்செய்யும் செட்டிங்குக்கு 3 மணி நேரம் போனால் 1,200 ரூபாய். 1,000 பீஸ் லாட்டில் அது பீஸுக்கு 1 ரூபாய் 20 பைசா, 100 பீஸ் லாட்டில் 12 ரூபாய்! ஏலத்தில் 'வருடத்துக்கு 12,000 பீஸ்' என்று காட்டிவிட்டு, ஜெயித்தபின் நூறு நூறாக ஷெட்யூல் அனுப்புகிறவர்கள் உண்டு, எனக்கே நடந்திருக்கிறது. லாட் அளவை எழுத்தில் வாங்காமல் பிட் (ஏல விலை) போடாதீர்கள். அப்புறம் இவற்றையும் சேருங்கள்: இன்செர்ட் (வெட்டும் முனை), ரிஜெக்‌ஷன், வண்டி வாடகை, பணம் நிற்கும் நாட்களுக்கு வட்டி.

கேள்வி: மெஷின் சும்மா நிற்பதற்கு, அடக்கத்துக்கே எடுத்தால்?

பதில்: ஒரு லாட்டுக்குச் சரி. அடுத்த ஏலம் அந்த ரேட்டில்தான் ஆரம்பிக்கும்.

கேள்வி: ஜெம் தளத்தில் (அரசுத் துறைகள் பொருள் வாங்கும் இணையச் சந்தை) எப்போதும் பெரிய கம்பெனிதான் எல்1, அதாவது குறைந்த விலைக்காரர். நமக்கு என்ன மிஞ்சும்?

பதில்: உதயம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) இருந்து, பொருளை நீங்களே தயாரித்தால் மிஞ்சும். எல்1 சிறு நிறுவனமாக இல்லாதபோது, உங்கள் விலை அதைவிட 15 சதவீதத்துக்குள் கூடுதலாக இருந்தால், எல்1 விலைக்கு இறங்கி 25 சதவீத ஆர்டரைக் கேட்கலாம். வாங்கி விற்பவர்களுக்கு இது கிடையாது.

கேள்வி: ஏரியாவில் 6 பேரும் பேசி, ஒரு ரேட்டுக்குக் கீழே போகாமல் இருந்துவிட்டால்?

பதில்: அதற்குப் பெயர் சிண்டிகேட். 2002 போட்டிச் சட்டம் 3-வது பிரிவில் மாட்டுவீர்கள். சேர்ந்துதான் செய்யவேண்டும் என்றால், டெண்டர் விதி இடம் கொடுக்கும்போது வெளிப்படையாகக் கூட்டு பிட் போடுங்கள்.

அதே நபர்: அவர்கள் எங்களை மோதவிட்டால் வியாபாரம், நாங்கள் பேசிக்கொண்டால் குற்றமா?

பதில்: உங்கள் கோபம் நியாயம், வழிதான் தப்பு. வாங்குபவர் கொடுக்கும் டிராயிங்குக்குச் செய்யும் வேலையை விலையை மட்டும் பார்த்து ஏலம் விடுவதே கோளாறு என்பது என் கட்சி. பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரே 1961-லேயே வேறு முறையை அலசினார்: மூடிய பிட், குறைந்த விலை சொன்னவருக்கு வேலை, ஆனால் இரண்டாவது குறைந்த விலை கிடைக்கும். உண்மையான அடக்கத்தைச் சொல்வதில் நஷ்டமில்லை.

இன்னொருவர்: எந்த பர்சேஸ் மேனேஜர் கூடுதலாகக் கொடுப்பார்?

பதில்: கூடுதல் என்று யார் சொன்னது? இரண்டாவது விலைதான் கிடைக்கும் என்றால் யாரும் மேலே ஏற்றிச் சொல்லமாட்டார்கள், சராசரியில் செலவு ஏறக்குறைய ஒன்றுதான் என்கிறது கோட்பாடு. சிண்டிகேட்காரர்களுக்கு இந்த முறை இன்னும் வசதி, அது வேறு தலைவலி.

கேள்வி: விஎம்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மில்லிங் மெஷின்) மில்லிங்குக்கு எதுவரை இறங்கலாம்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். செட்டிங் நேரம்!

கேள்வி: 45 நாளில் பணம் வராவிட்டால்?

பதில்: 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். அதற்குமேல் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல 3 மடங்கு கூட்டுவட்டி, அரசின் ஆன்லைன் தளத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்தால் அடுத்த ஏலத்துக்கு அழைப்பு வராது என்ற பயத்தில்தான் பலர் கொடுப்பதில்லை.

கேள்வி: குறைந்தபட்சம் எவ்வளவு கோட் பண்ணலாம் சார், டிரில்லிங்குக்கு?

பதில்: தம்பி, மேலே.