எத்தனை மாடு வைத்திருந்தார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அயர்லாந்தில் மேயோ மாவட்டத்தில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். பக்கத்துப் பண்ணைக்காரர் போன மாதம் இறந்துவிட்டார். எழுபத்தைந்து வயது, கல்யாணம் ஆகாதவர். அமைதியானவர், எளிமையானவர், எல்லோருக்கும் பிடித்தவர். எதிரே காரில் வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், அவ்வளவுதான் பேச்சு. துக்க வீட்டில் இரண்டு நாளும் சாண்ட்விச் வெட்டிக்கொடுத்தேன். ஒரு மாத நினைவுத் திருப்பலிப் பூசைக்காகச் சர்ச் செய்திமடலில் நாலு வரி எழுதித் தரும்படி அவருடைய அக்கா கேட்கிறார். எதுவுமே நடக்காத ஒரு வாழ்க்கையைப் பற்றி எப்படி எழுதுவது? நான் இந்து, திருப்பலியில் உட்காரலாமா? நீங்கள் ஏன் ஐரிஷ் இலக்கியம் பற்றி எழுதுவதில்லை?

ச.

அன்புள்ள ச.,

தாராளமாக உட்காருங்கள். பாதிரியார் தரும் அப்பத்தை, நற்கருணையை, வாங்க மட்டும் எழுந்து போக வேண்டாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இலக்கியம் இன்னொரு நாள்.

உங்கள் கடிதம் வந்தபோது ஓர் அஞ்சலிக் கட்டுரைத் தொகுப்பைப் படித்துவிட்டு எரிச்சலில் இருந்தேன். அதில் செத்துப்போன அத்தனை பேரும் எளிமையானவர்கள், அதிர்ந்து பேசாதவர்கள். யார் என்ன வேலை பார்த்தார் என்றுகூடப் பாதிப் பேர் விஷயத்தில் தெரியவில்லை. நீங்களும் அதையே செய்கிறீர்கள். மூன்று அடைமொழி இருக்கிறது, ஒரு மாடுகூட இல்லை! கறிமாடா, ஆடா, எத்தனை வைத்திருந்தார், எங்கே கொண்டுபோய் விற்றார்? அந்த ஒரு விரல் மட்டும்தான் உங்கள் கடிதத்தில் உயிரோடு இருக்கிறது. அவர் பேசவில்லை, சரி, நீங்கள் கேட்டீர்களா?

எதுவுமே நடக்கவில்லையாம். அயர்லாந்து 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில், அதாவது இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியில், சேர்ந்தபோது அவர் இருபதுகளில் இருந்திருப்பார், அதற்கப்புறம் அந்த நாட்டு விவசாயமே வேறாகிவிட்டது. 2001இல் கோமாரி வந்தது. அயர்லாந்துக் குடியரசுக்குள் லவுத் மாவட்டத்தில் ஒரே ஓர் இடத்தில்தான், ஆனாலும் புனித பாட்ரிக் தின ஊர்வலங்களைக்கூடத் தள்ளிவைத்தார்கள், நாடு முழுக்கப் பண்ணை வாசல்களில் கிருமிநாசினி ஊற்றிய விரிப்புகள் கிடந்தன. 2013 வசந்தத்தில் குளிர் விடாமல் புல் முளைக்கவில்லை, தீவனம் தீர்ந்து வெளிநாட்டிலிருந்து கப்பலில் உலர்புல் வந்தது. 2018இல் மறுபடியும் தாமதமான வசந்தம், கோடையில் வறட்சி வேறு. அந்த வருஷங்களில் அவர் கொல்லையில் பிளாஸ்டிக் சுற்றிய சைலேஜ் உருண்டை, அதாவது புளிக்கவைத்த புல் தீவனம், மிச்சம் இருந்ததா? யாருக்காவது கொடுத்தாரா, காசு வாங்கினாரா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் எல்லோருக்கும் பிடித்தவர் என்று நீங்கள் தனியாக எழுதவே வேண்டியதில்லை.

உங்கள் பக்கம் நான் கொஞ்ச நாள் தங்கியிருக்கிறேன். பாலா என்ற ஊரில் மாட்டுச் சந்தை இருக்கிறதே, நண்பர் ஒருவர் அங்கே அழைத்துப்போனார். ஏலக்காரர் மூச்சு விடாமல் கத்துகிறார், சுற்றி நிற்பவர்கள் ஏதோ பிடிக்காத இடத்துக்கு வந்துவிட்ட மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். என் பக்கத்துக் கிழவர் வாயைத் திறக்கவில்லை, தலையை ஆட்டியதுகூட எனக்குத் தெரியவில்லை, கடைசியில் பார்த்தால் ஒரு கும்பல் கன்றுகளை வாங்கிவிட்டார்! வெளியே வந்ததும் விற்றவர் ஒரு நோட்டை அவர் கையில் திணித்தார். விற்றவர் வாங்கியவருக்குக் கொஞ்சம் திருப்பித் தருவது அங்கே வழக்கம், லக் பென்னி என்கிறார்கள். சட்டம் கிடையாது, இவ்வளவு என்ற கணக்கும் கிடையாது. கிழவர் அதை எண்ணிப் பார்க்காமலே பைக்குள் போட்டுக்கொண்டார். இவர் விற்கும்போது கை தாராளம், அதனால் இவர் மாட்டுக்கு எப்போதும் ஆள் உண்டு என்றார் நண்பர். யார் கஞ்சன், யார் நோய் மாட்டை மறைத்து விற்பவன் என்பதெல்லாம் அந்தச் சந்தையில் அத்தனை பேருக்கும் தெரியும். வாயே திறக்காத ஒரு மனிதருக்கு அங்கே எவ்வளவு தெளிவான பெயர் இருந்தது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

உங்கள் மனிதருக்கும் அப்படி ஒரு பெயர் இருந்திருக்கும். உங்கள் பக்கத்து வானொலியான மிட்வெஸ்ட் ரேடியோவில் சாவு அறிவிப்பைக் கேட்டுவிட்டு எத்தனை பேர் வரிசையில் நின்று கைகொடுத்துவிட்டுப் போனார்கள், நீங்களே பார்த்தீர்கள். சாண்ட்விச் வெட்டினீர்கள், நல்ல காரியம். அந்த இரண்டு நாளும் மாடுகளுக்குத் தீவனம் போட்டது யார்? வயலில் கார்களை ஒழுங்காக நிறுத்தவைத்தது யார்? யாரும் கூப்பிடாமலே வந்தவராகத்தான் இருப்பார். அவரைப் பிடியுங்கள், எதற்காக வந்தார் என்று கேளுங்கள். முதலில் வானிலை பற்றித்தான் பேசுவார், பொறுமையாக இருங்கள்.

இன்னொன்று. பங்குக் கோயிலில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் இல்லாமலா அந்த அக்கா உங்களிடம் வந்தார்? வெளியூரிலிருந்து வந்த ஒரு நர்ஸைப் பற்றி அந்த மனிதர் வீட்டில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும் அம்மா. என்ன சொன்னார் என்று அக்காவிடமே கேட்டுவிடுங்கள், வெட்கப்படாதீர்கள்.

அச்சுக்குப் போகுமுன் அனுப்பினால் பார்த்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமைக்கு மேல் நான் ஊரில் இருக்க மாட்டேன்.