மேடைச் சண்டை: ஆசிரியர்களின் கேள்விகள்

கேள்வி: பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். கன்னத்தில் அறைகிற காட்சி. கை படாமல் எப்படிச் செய்வது?

பதில்: தூரத்தில் தொடங்குங்கள். அடிப்பவர் கையை முழுக்க நீட்டினாலும் விரல்நுனிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு சாண் மிஞ்ச வேண்டும். இருவர் கால் வைக்கும் இடத்தையும் தரையில் குறியுங்கள். உணர்ச்சி ஏற ஏறப் பிள்ளைகள் தெரியாமலே முன்னால் நகர்ந்துவிடுவார்கள். பெரும்பாலான அடிகள் அதனால்தான் படுகின்றன.

அடிப்பவர் பார்வையாளருக்கு முதுகு காட்டட்டும், வாங்குபவர் எதிரே. இருவரும் கண்ணைப் பார்க்க வேண்டும். அடிப்பவர் கையை ஓங்கி ஒரு கணம் நிறுத்துவார். வாங்குபவரின் பார்வை 'தயார்' என்று சொன்ன பிறகே வீச்சு. கை முகத்துக்கு முன்னே காற்றில் கடக்கும்போது வாங்குபவர் தன் நெஞ்சருகே கைதட்டி, அதே வேகத்தில் கன்னத்தைப் பொத்திக்கொண்டு தலையைத் திருப்புவார். அடிப்பவரின் உடம்பு அந்தத் தட்டலை மறைத்துவிடும். சத்தம் பிந்தினால் அரங்கம் சிரிக்கும். அதைச் சரிசெய்ய வேகத்தைக் கூட்டாதீர்கள், குறையுங்கள். கால்பங்கு வேகத்தில் பிசகாமல் வந்தால்தான் அரை வேகம்.

பார்வையாளர் நாற்புறமும் உட்கார்ந்தால் இந்த முறை செல்லாது. அறையையே மாற்றி ஒரு தள்ளலாக வையுங்கள்.

கேள்வி: முடியைப் பிடித்து இழுப்பது?

பதில்: முடியைப் பிடிக்கவே கூடாது. மூடிய முஷ்டியை உச்சந்தலையில் வைத்தால் போதும். வாங்குபவர் இரண்டு கையாலும் அந்த மணிக்கட்டைப் பற்றித் தலையோடு அழுத்திக்கொண்டு, தானே நகர்வார், அடிப்பவர் பின்தொடர்வார். எந்தச் சண்டையிலும் அடி வாங்குபவர்தான் நடத்துநர்.

கேள்வி: கழுத்தை நெரிப்பது?

பதில்: கைகள் காறை எலும்பின் மேல், தொண்டையில் விரல் படக் கூடாது. வாங்குபவர் மணிக்கட்டுகளைத் தன் பக்கம் இழுக்க, நெரிப்பவர் வெளியே இழுக்க வேண்டும். தோள் தூக்கி மோவாய் தாழ்ந்தால் கை இருக்கும் இடம் தெரியாது.

கேள்வி: ஒத்திகையில் ஒரே ஒருமுறை நிஜமாக அறைந்தால்தானே வலி முகத்தில் வரும்?

பதில்: வராது. அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை கை ஓங்கியதுமே கண்ணை மூடும். கண் மூடினால் 'தயார்' சொல்ல ஆளில்லை, தாளம் போச்சு. குழிந்த உள்ளங்கை காதில் பட்டால் செவிப்பறை கிழியலாம்.

கேள்வி: பெரிய நடிகர்கள் தொட்டு அறைகிறார்களே?

பதில்: பயிற்சி பெற்றவர்கள், தளர்ந்த விரல்களால், கன்னத்தின் சதையில், முன்பே பேசிவைத்துச் செய்வது அது. உங்கள் வகுப்பு அதுவல்ல.

கேள்வி: மாணவரே சம்மதித்தால்?

பதில்: ஆசிரியர் கேட்கிறார், நண்பர்கள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அங்கே எந்தப் பிள்ளை 'வேண்டாம்' என்று சொல்லும்? அதைச் சம்மதம் என்று நான் ஏற்கமாட்டேன். இதற்கு மேல் இந்தக் கேள்வியை எடுக்கவில்லை.

கேள்வி: முழு வேகம் எப்போது?

பதில்: மேலே சொன்னதுதான்: கால், அரை, முக்கால். மேடையிலும் முக்காலே போதும். அதைவிட வேகமாகப் போனால் பார்வையாளர் கண்ணுக்கு எதுவும் பிடிபடாது.

கேள்வி: குத்தினால் அலகு பிடிக்குள் போய்விடும் நாடகக் கத்தி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்பிரிங் சிக்கிக்கொண்டால் அது நிஜக் கத்தி மாதிரிதான் குத்தும். மழுங்கிய கத்தியை, பார்வையாளருக்குத் தெரியாத பக்கமாக, உடம்பை விட்டு விலக்கிக் குத்துங்கள்.

கேள்வி: விழுவது?

பதில்: முதலில் உடம்பைத் தாழ்த்துங்கள். பிறகு கெண்டைக்கால், தொடை, இடுப்பின் பக்கச் சதை என்று வரிசையாகத் தரை தொடட்டும். முழங்கால், முழங்கை, வால் எலும்பு ஆகாது. கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும். மோவாய் நெஞ்சோடு, மூச்சு வெளியே.

கேள்வி: குட்டிக்கரணம்?

பதில்: ஜிம்னாஸ்டிக் பயிற்சியாளரைக் கேளுங்கள்.

கேள்வி: வெற்றுத் தோட்டாத் துப்பாக்கி?

பதில்: பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. கிட்டத்தில் வெற்றுத் தோட்டாவும் காயப்படுத்தும். சத்தத்தை ஒலிபெருக்கியில் வையுங்கள்.

கேள்வி: நாடகத்தன்று தனி ஒத்திகை வேண்டுமா?

பதில்: ஒவ்வொரு காட்சி நாளும் வேண்டும். அதே மேடை, அதே உடை, அதே செருப்பு. அரை வேகத்தில் ஒருமுறை, முக்காலில் ஒருமுறை. அன்றைக்கு யார் புது அசைவு சொன்னாலும் சேர்க்காதீர்கள். இருவரில் ஒருவர் வரவில்லை என்றால் அந்தச் சண்டையை எடுத்துவிடுங்கள்.