வலிக்கவில்லை என்பதால்தான் போகச் சொல்கிறேன்

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் லயனில் இருக்கிறோம். மாமியாருக்கு 52 வயது, இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறார். போன மாதம் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு நர்ஸ் வந்தபோது, "எனக்கென்ன நோவு, நல்லாத்தானே இருக்கேன்" என்று கூடையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆனால் குளிக்கும்போது இடது பக்கம் உருண்டையாக ஏதோ தட்டுப்படுகிறது, வலியில்லை என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லியிருக்கிறார். எப்படிப் பேசுவது?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்மா. கட்டி தட்டுப்பட்ட பிறகு அடுத்த கேம்ப் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கேம்ப் என்பது ஒன்றும் தெரியாமல் இருப்பவர்களுக்கு. உங்கள் அத்தைக்குத் தெரிந்துவிட்டது, அதனால் இந்த வாரமே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பயப்படவும் வேண்டாம். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. ஆனால் 52 வயதில் புதிதாக வந்த கட்டியைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும், பார்க்காமல் சொல்ல முடியாது. வலியில்லை என்பதை அவர் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார், அங்கேதான் எனக்குப் பதறுகிறது, ஏனென்றால் மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. என் பெரியம்மாவும் இதே வார்த்தையைத்தான் சொன்னார், "வலிச்சா நானே சொல்ல மாட்டேனா" என்று. வலி வந்து அவர் சொன்னபோது அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

அத்தையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள். தளிருக்கும் முற்றின இலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்காமலே அவர் விரல் சொல்லிவிடும் அல்லவா? அந்த விரல்தான் இந்த உருண்டையையும் கண்டுபிடித்தது. நர்ஸ் செய்வதும் அதேதான், நடு மூன்று விரல்களின் சதைப்பகுதியை வைத்து, மெதுவாகவும் அப்புறம் கொஞ்சம் அழுத்தியும், சின்னச் சின்ன வட்டமாக மார்பு முழுக்கவும் அக்குள் வரைக்கும் தடவிப் பார்ப்பார். காம்பு உள்ளே இழுத்திருக்கிறதா, ரத்தமாகக் கசிகிறதா, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். சில நிமிட வேலை.

கையால் தடவிப் பார்ப்பதில் என்ன தெரியப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி சுமார் 75 ஆயிரம் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இப்படித்தான் பார்த்தது. 20 வருடம் கவனித்ததில், 50 வயதைத் தாண்டிய பெண்களிடம் மார்பகப் புற்றுநோயால் வரும் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. அத்தையின் வயதுதான் அது.

கூச்சம் நியாயமானதுதான். பெண் டாக்டர் அல்லது நர்ஸ் பார்க்கட்டும் என்று தாராளமாகக் கேளுங்கள், நீங்களும் உள்ளே கூட நில்லுங்கள். மேமோகிராம் எழுதிக் கொடுத்தால், இரண்டு தகடுகளுக்கு நடுவே மார்பை அழுத்திப் படம் எடுப்பார்கள், சில நொடி இறுக்கும், அவ்வளவுதான். அன்றைக்குப் பவுடர் மட்டும் போட வேண்டாம். ஊசி போட்டுச் சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்று லயனில் யாராவது சொல்வார்கள், அதில் உண்மை இல்லை. மார்பையே எடுத்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் அதையும் பேசிவிடுங்கள்: கட்டி சின்னதாக இருக்கும்போதே போனால் பலருக்குக் கட்டியை மட்டும் எடுத்தாலே போதும், மார்பு தப்பிக்கும்.

ஒரு நாள் கூலி போகும், தெரியும். அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்குப் பணம் கிடையாது, சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, அந்த அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் கொக்கி வைத்த ஜாக்கெட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் வயதை எழுதவில்லை. 30 தாண்டியிருந்தால் அரசுத் திட்டத்தில் உங்களுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. "அத்தை, எனக்குப் பார்க்கணும், துணைக்கு வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள், தனக்காக வராதவர் மருமகளுக்காக வருவார். போனதும் இரண்டு பேருக்கும் சீட்டுப் போட்டுவிடுங்கள்.